நான் மேலே ஏற்றிய பக்கம்

செப்டம்பர் 9, திங்கள்

இருபத்தேழாவது இடம். நேற்று இருபத்தாறு.

காலையில் அண்ணி குளிக்கும்போது வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து கண் ஆஸ்பத்திரி வரவேற்பு வேலைக்கான என் யூனிஃபார்மைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் குளிக்கிறவர்கள் சத்தம் கொடுத்துக்கொண்டே குளிக்க வேண்டும். பாட்டு, பேச்சு, மக்கால் வாளியைத் தட்டுவது, எதுவானாலும் சரி. ஜனவரியில் அண்ணன் போட்ட சட்டம். அவன் குளித்தால் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருப்பான், கட்சிக் கூட்டத்தில் பேசப்போகிறவன் மாதிரி. அண்ணி பேசுவார். அவர் வேலை பார்க்கும் பேக்கரியில் யாருக்கும் யாருக்கும் முறைப்பு, எந்த கேக் திரும்பி வந்தது, எல்லாம் எனக்குக் கதவு வழியாகத்தான் வந்து சேரும்.

“இன்னிக்கு எத்தனாவது?” என்று உள்ளிருந்து கேட்டார். என் வலைப்பூ தேடலில் எத்தனாவது இடத்தில் வருகிறது என்று. தினமும் கேட்பார்.

“இருபத்தேழு அண்ணி.”

“நேத்து இருபத்தாறுன்னு சொன்னியே?”

“ஏறும், இறங்கும்.”

“அப்ப என் பிரஷர் மாதிரின்னு சொல்லு.”

சிரித்தேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்ல முடியாதது இந்த நோட்டிலாவது இருக்கட்டும்.

ஜனவரியில் அண்ணி குளியலறையில் மயங்கி விழுந்தார். உள்ளேயே கேஸ் ஹீட்டர். குளிர் தாங்காமல், மேலே இருந்த காற்றுப்போக்கியை கேக் பெட்டி அட்டையை மடித்து வைத்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டி அடைத்திருந்தார். ஹீட்டர் எரிய எரிய உள்ளே விஷக்காற்று சேர்ந்துவிட்டது. அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. அண்ணன் கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினான். மூன்று நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டார். வலது கை நடுக்கம் மட்டும் போகவில்லை. பதினான்கு வருஷம் கேக்கின் மேல் பெயர் எழுதிய கை அது. இப்போது அதே பேக்கரியில் பெட்டி மடிக்கிறார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணியின் ஃபோன் என் கையில் இருந்தது. பேக்கரிக்குச் சொல்லலாம் என்று திறந்தேன். திரையில் ஒரு கட்டுரை. ‘குளியலறையைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளப் பத்து வழிகள்.’ ஏழாவது வழி: காற்றுப்போக்கியை அட்டையாலோ தெர்மோகோலாலோ அடைத்துவிடுங்கள்.

அதை எழுதியவள் நான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியில் இணையக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். நாளைக்கு ஆறு கட்டுரை. தலைப்பை அவர்களே கொடுத்துவிடுவார்கள். பத்து வழி என்றால் பத்து வழி வேண்டும். எனக்கு ஆறுதான் கிடைத்தது. மீதி நான்கை டீ ஆறுவதற்குள் யோசித்து நிரப்பினேன். யாரிடமும் கேட்கவில்லை. என் பெயரும் அதில் இல்லை.

எழுதியதோடு விட்டேனா? மேலே ஏற்றியதும் நான்தான். செய்தித் திரட்டி என்று ஒரு தளம். ஆளாளுக்குச் சுட்டி, அதாவது லிங்க், கொண்டுவந்து போடுவார்கள், பிடித்ததற்கு ஓட்டுப் போடுவார்கள், ஓட்டு கூடினால் முதல் பக்கம். அங்கே எனக்குப் பன்னிரண்டு பொய்க் கணக்கு. நானே போட்டு, நானே ஓட்டளித்து, நானே ‘அருமை’ என்று பின்னூட்டம் எழுதினேன். முதல் பக்கத்தில் பார்த்தவர்கள் தங்கள் தளங்களிலும் அந்தச் சுட்டியைக் கொடுத்தார்கள். நாற்பத்தொரு தளம், நாற்பத்தொரு பேக்லிங்க். இத்தனை பேர் கைகாட்டுகிறார்களே என்று தேடுபொறி அதைத் தூக்கி முதலிடத்தில் வைத்தது. மேலாளர் ‘நம்பர் ஒன்’ என்று அச்சடித்த பீங்கான் கோப்பை கொடுத்தார். அதில்தான் இந்த வீட்டில் பல் பிரஷ் வைத்திருக்கிறோம்.

இன்றைக்கும் அந்தப் பக்கம் முதலிடத்தில்தான் இருக்கிறது.

செப்டம்பர் 14, சனி

எடுக்கச் சொல்லிப் பார்க்காமல் இல்லை. மேலாளரிடம் ஃபோனில் கெஞ்சினேன். “அது இப்ப நம்மகிட்ட இல்லம்மா. வித்தாச்சு. வாங்கினவனும் வித்துட்டான்.” தளத்தில் இருக்கும் முகவரிக்கு ஒன்பது கடிதம். ‘உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்’ என்று ஒன்பது பதில், ஒரு நொடியில். தேடுபொறிக்குப் புகார் கொடுத்தேன். கிணற்றில் போட்ட கல்.

அதனால்தான் வலைப்பூ. சரியான வழியை நானே எழுதி, அந்தப் பக்கத்தை முந்திவிட வேண்டும். குளிர் இறங்குவதற்குள். குளிக்கப் போகிறவர்கள் ஃபோனில் தட்டினால் முதலில் கண்ணில் படுவது ‘அடைக்காதீர்கள்’ என்று இருக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

இந்த முறை கேட்டுத்தான் எழுதினேன். எங்கள் ஹீட்டரைப் பிடுங்கி வெளிச்சுவரில் மாட்டிக் கொடுத்த ஹீட்டர்காரரை மூன்று நாள் விரட்டினேன். “ஹீட்டரை வெளிய மாட்டு, குழாயை மட்டும் உள்ள விடு, காத்துக்கு வழி விடு. மூணு வரி. இதுக்கு எதுக்கும்மா ஆயிரம் வார்த்தை?” என்றார். மூன்று வரி எழுதினால் தேடுபொறி மதிக்காது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அண்ணி பேக்கரி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். “எனக்கு நடந்தது வேற யாருக்கும் நடக்கக் கூடாதுன்னு என் நாத்தனார் எழுதுறா.” போன வாரம் அங்கே போனபோது கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்று கும்பிட்டார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

செப்டம்பர் 18, புதன்

பழைய புத்தி எங்கே போகும்.

எழுதி வைத்தால் மட்டும் யாரும் வந்துவிட மாட்டார்கள். சுட்டி வேண்டும். சுட்டி கிடைக்க முதலில் நாலு பேர் கண்ணில் பட வேண்டும். மறுபடியும் திரட்டிக்கே போனேன். ஆனால் ஓட்டு? முதல் அரை மணி நேரத்தில் ஐந்தாறு ஓட்டு விழாத சுட்டி கீழே போய்விடும், பிறகு அதைத் தேட ஆள் வைக்க வேண்டும். பொய்க் கணக்கு வேண்டாம் என்று எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன். வீட்டு ஆட்கள் பொய்க் கணக்கா என்ன? உயிரோடு இருக்கிறவர்கள்தானே?

மாலை ஐந்து நாற்பது, டீ நேரம். என் ஃபோன், என் லேப்டாப், அண்ணனின் ஃபோன், அவனுடைய ஆபீஸ் ஃபோன், பழைய டேப்லட், கடைசியில் அண்ணியின் ஃபோன். ஆறு ஓட்டு. அண்ணனுக்கு இது விளையாட்டு. “ஜனநாயகக் கடமை முடிஞ்சுதா? பிஸ்கட் எங்க?”

அண்ணிக்கு விரல் நடுங்குகிறது. ஓட்டுப் போடும் மேல் அம்பும் ஓட்டைக் கழிக்கும் கீழ் அம்பும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. இன்று கீழ் அம்பில் பட்டுவிட்டது. “ஐயையோ, உனக்கு மைனஸ் போட்டுட்டேனே!” என்று பதறிப்போய், இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அழுத்தினார்.

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

பத்தொன்பதாவது இடம்! நேற்றைய பதிவுக்கு முப்பத்தொரு ஓட்டு. வெளியாள் இரண்டு பேர் தங்கள் தளத்தில் சுட்டி கொடுத்திருக்கிறார்கள். அண்ணி உள்ளே வாளியில் மேளம் கொட்டினார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன்.

பழைய கட்டுரையின் அடியில் புதிதாக ஒரு பின்னூட்டம். ‘மிகவும் உபயோகமான குறிப்புகள். கைக்குழந்தை இருக்கும் வீடு. குளிர் வருவதற்குள் இன்றே அடைத்துவிட்டோம். நன்றி.’

நன்றியாம். யார்? எந்த ஊர்? வீட்டுக்குள்ளே ஹீட்டரா, வெளியிலா? கரண்ட் ஹீட்டராக இருந்தால் பரவாயில்லை. கேஸ் என்றால்? ‘உடனே அகற்றுங்கள், உயிருக்கு ஆபத்து’ என்று மூன்று முறை பதில் போட்டேன். மூன்றும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று நிற்கின்றன. பரிசீலிக்க அங்கே யார் இருக்கிறார்கள்? பேய் வீடு அது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அண்ணி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “ரொம்ப மண்டையைப் போட்டு உடைச்சுக்காத. ஒரு கட்டுரைதானே.”

அக்டோபர் 4, வெள்ளி

ஆறு ஓட்டு. அவ்வளவுதான். ஏழாவது ஓட்டு எங்கே?

அக்டோபர் 8, செவ்வாய்

ஆறு. ஆறு. ஆறு. பின்னூட்டம் பூஜ்யம்.

தலைப்பு சரியில்லையோ? ‘அடைக்காதீர்கள்’ என்பதை ‘அடைத்தால் என்ன ஆகும்?’ என்று மாற்றினேன். காலையில் போட்டுப் பார்த்தேன், மதியம் போட்டுப் பார்த்தேன். கண் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு, டோக்கன் எண்ணைக் கூப்பிடாமல் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வெளியே வந்து, “உங்களுக்கும் கண்ணில் சொட்டு மருந்து போட்டிருக்கா?” என்றார்.

அண்ணி கதவுக்கு உள்ளிருந்து கேட்டார். இருபத்திரண்டு என்றேன். உண்மையில் இருபத்தாறு.

இதற்கும் பொய்யா. ஒரு எண்ணுக்குக்கூடவா.

அக்டோபர் 15, செவ்வாய்

பைத்தியக்காரி. நான் ஒரு பைத்தியக்காரி.

குழாயில் கசிவு பார்க்க ஹீட்டர்காரர் வந்திருந்தார். பெருமையாக, “உங்க பேரைச் சொல்லாம உங்க பேச்சையெல்லாம் திரட்டியில போட்டிருக்கேன், பாருங்க” என்றேன். அவர் தன் ஃபோனில் திரட்டியைத் திறந்தார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தள்ளினார்.

“ஒண்ணும் இல்லையேம்மா.”

“என் கணக்கு பேரைப் போட்டுத் தேடுங்க.”

“அப்படி யாரும் இல்லைன்னு வருது.”

என் ஃபோனில் பதினாறு பதிவும் பத்திரமாக இருக்கின்றன. அவர் ஃபோனில் ஒன்றுகூட இல்லை. மறைவுத் தடை போட்டிருக்கிறார்கள். தடை போட்டதைச் சொல்ல மாட்டார்கள். நம் கண்ணுக்கு மட்டும் எல்லாம் இருக்கும், ஊர் கண்ணுக்கு ஒன்றும் இருக்காது. இது எனக்குத் தெரியாத விஷயமா? கம்பெனியில் புதிதாக வந்தவர்களுக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேனே! மூன்று வாரமாக ஒரு காலி அறையில் நின்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்று வாரமாக அந்தக் கையைப் பிடித்துப் பிடித்து அண்ணி ஓட்டுப் போட்டிருக்கிறார்.

ஹீட்டர்காரர் நட்டை முறுக்கிக்கொண்டே, “நான் வேணா என் கடை போர்டுல எழுதி வைக்கவா?” என்று கேட்டார். அழுகை வந்துவிட்டது.

அக்டோபர் 17, வியாழன்

திரட்டியை நடத்தும் குழுவுக்கு முறையீடு எழுதியிருந்தேன். பதில் வந்தது. ‘தாழ்ப்பாள்’ என்ற பெயரில் எழுதுபவர். ஆணோ பெண்ணோ தெரியாது, பல வருஷமாக இருக்கிறார்.

‘ஒரே வீட்டு இணைப்பு. ஆறு கணக்கு. தினமும் மாலை 5.40. தினமும் அதே வரிசை. கடைசிக் கணக்கு மட்டும் சில நாள் கீழ் அம்பை அழுத்தி, பிறகு மாற்றுகிறது. ஏன் என்று எங்களுக்கும் புரியவில்லை. குடும்ப ஓட்டு இங்கே ஓட்டு அல்ல. உங்கள் தளத்தின் சுட்டி இனி இங்கே ஏறாது.’

ஏன் என்று எனக்குப் புரியும்.

அக்டோபர் 20, ஞாயிறு

உயிர் விஷயம், மன்னித்துவிடுங்கள் என்று நீளமாக எழுதினேன். தாழ்ப்பாளிடமிருந்து இரண்டே வரி.

‘நான்கு வருஷம் முன்னால் பத்து வழிகள் என்று ஒன்றைப் பன்னிரண்டு கணக்கில் ஏற்றியவர் நீங்கள்தானே? எல்லா வாக்கியத்தையும் ‘பாருங்களேன்’ என்று முடிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.’

ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்து எடுத்து, ஆமாம் என்றேன். ஜனவரியையும் சொன்னேன். அண்ணியையும் சொன்னேன். அந்த ஒரு பழைய பதிவை நீக்கினால் போதும் என்றேன்.

‘நீக்குகிறேன். ஆனால் பயனில்லை. நாற்பது தளங்களில் பரவியதை நான் துடைக்க முடியாது. உங்கள் சுட்டி எதுவும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி நீங்களே இங்கே எழுதினால், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.’

நடந்ததை நடந்தபடி. எழுதினால் அண்ணிக்குத் தெரிந்துவிடும். பேக்கரியில் பாதிப் பேர் திரட்டி படிக்கிறவர்கள்.

அக்டோபர் 25, வெள்ளி

எழுதவில்லை. சொல்லவும் இல்லை.

அக்டோபர் 30, புதன்

வானிலைச் செய்தியில் இந்த வருஷம் குளிர் சீக்கிரம் வரும் என்றார்கள். அடுத்த வாரமே. கைக்குழந்தை வீடு. நாலு நாளாக அதே நினைப்பு. டோக்கன் கூப்பிடும்போதும் அது, கண்ணை மூடினாலும் அது. சின்ன வாளி, சின்ன துண்டு, மேலே அட்டை.

அண்ணியிடம் சொல்லித் தொலையேன். என்ன ஆகிவிடும்? துரத்திவிடுவாரா? துரத்தட்டும். இல்லை, துரத்த மாட்டார். அதுதான் பயம். ஒன்றும் சொல்லாமல் சோறு போடுவார்.

நவம்பர் 1, வெள்ளி

சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. கதவு வழியாகச் சொன்னேன்.

காலையில் அண்ணி உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் யாரோ இரட்டைக் குழந்தைக்கு கேக் கேட்டுவிட்டு ஒரே பெயரைக் கொடுத்த கதை. அவர் சிரித்து முடித்ததும் சொன்னேன்.

“அண்ணி, நீங்க ஃபோன்ல படிச்சுட்டு அட்டை வச்சீங்கல்ல, அந்தக் கட்டுரை. அதை எழுதினது நான்தான். முதல்ல வர மாதிரி பண்ணினதும் நான்தான்.”

தண்ணீர் விழும் சத்தம் மட்டும். பிறகு அதுவும் நின்றது.

பேச்சு இல்லை. மக் சத்தம் இல்லை. எத்தனை நேரம்? ஒரு நிமிஷம் இருக்குமா? ஹீட்டர் வெளியேதான் இருக்கிறது, காற்றுப்போக்கி திறந்துதான் இருக்கிறது, எல்லாம் தெரியும், இருந்தும் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கதவைத் தட்டினேன். “அண்ணி, சத்தம் குடுங்க. திட்டுங்க. ஏதாவது சத்தம் குடுங்க அண்ணி!” அண்ணன் ஷேவிங் நுரையோடு ஓடி வந்தான்.

உள்ளே வாளியில் ஒரே ஒரு தட்டு. ‘டங்’.

அவ்வளவுதான்.

நவம்பர் 2, சனி

பல் பிரஷ்கள் ஜன்னல் விளிம்பில் கிடந்தன. நம்பர் ஒன் கோப்பையைக் காணோம்.

சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டியபடி அண்ணி பேசினார். ஒரே ஒரு முறை. “எழுதினது தெரியாம எழுதின. சரி. பத்து மாசமா என் கையைப் பாத்துக்கிட்டே இருந்தியே. அந்தக் கையாலயே உனக்கு ஓட்டு வேற போட வச்சியே.”

பல் பிரஷ்களை எடுத்து ஒரு டம்ளரில் போட்டு வைத்தேன்.

நவம்பர் 6, புதன்

நல்ல குளிர். அண்ணி காலையில் குளித்தார். டங், டங், டங். நான் வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்தேன். போகச் சொல்லவில்லை. பேசவும் இல்லை.

சாப்பாட்டை மேசையில் வைத்து மூடிவிட்டுப் போகிறார். எனக்குப் பிடித்த மாதிரியே உப்பு குறைத்து.

நவம்பர் 10, ஞாயிறு

அண்ணன் தூது வந்தான். தாழ்ப்பாள் எழுதியதையெல்லாம் அவனிடம் காட்டியதோடு சரி, அவனும் என்னிடம் சரியாகப் பேசி எட்டு நாள் ஆகிறது. வாசற்படியில் நின்றபடியே, “அந்தத் தாழ்ப்பாள் கேட்டதை எழுதுவியாம். அவ பேரு மட்டும் வரக் கூடாதாம். மத்தது எதையும் குறைச்சு எழுதாதேன்னா” என்றான்.

“நீ என்ன சொல்றே?”

“நான் என்னத்தைச் சொல்ல? கதவை உடைச்சவன் நான்.” போய்விட்டான்.

எழுதினேன். ‘தேடலில் முதலில் வரும் அந்தப் பக்கத்தை எழுதியவள் நான். ஏழாவது வழி பொய்.’ அப்படித்தான் தொடங்கினேன். ஆறு கட்டுரை, டீ, பன்னிரண்டு கணக்கு, கோப்பை, கேக் பெட்டி அட்டை, குடும்ப ஓட்டு. சுட்டி எதுவும் வைக்கவில்லை. கடைசியில் ஹீட்டர்காரரின் மூன்று வரி. ‘பாருங்களேன்’ ஓர் இடத்தில் வந்துவிட்டது, அடித்தேன்.

காலை பதினொன்று பத்துக்குப் போட்டேன். அதன் பிறகு லேப்டாப்பை மூடி அதன் மேல் துணிக்கூடையை வைத்துவிட்டேன்.

நவம்பர் 11, திங்கள்

இருநூற்றுப் பதினெட்டு பின்னூட்டம். கொலைகாரி. இவளை உள்ளே தள்ள வேண்டும். இதுவும் விளம்பரம்தான், அடுத்து ஹீட்டர் விற்பாள். அழுவதற்கும் ஓட்டுக் கேட்கிறாள். ஒருவர் நிதானமாக, ‘பத்து மாதம் மறைத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை’ என்று எழுதியிருந்தார். அது அண்ணி சொன்னதேதான். மற்றவையெல்லாம் மேலே பட்டுப் போயின, அது ஒன்று உள்ளே தைத்தது.

ஆஸ்பத்திரியில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பாதியில் வந்துவிட்டேன்.

நவம்பர் 13, புதன்

மதிய இடைவேளையில் திறந்தேன். மேலே, எல்லாப் பின்னூட்டத்துக்கும் மேலே, இன்று காலை தொடங்கிய ஒரு கணக்கிலிருந்து:

‘நான்தான் அந்த அண்ணி. எழுதியது அவள். அடைத்தது என் கை. எனக்கு அவள்மேல் கோபம் இருக்கிறது, அது எங்கள் வீட்டு விஷயம், உங்களுக்கு என்ன? இத்தனை பேர் உட்கார்ந்து திட்டுகிறீர்களே, ஒருத்தராவது எழுந்து போய் உங்கள் குளியலறையில் மேலே பார்த்தீர்களா? அடைத்திருந்தால் பிடுங்கி எறிந்துவிட்டு வாருங்கள். பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.’

மேசைக்கு அடியில் குனிந்து அழுதேன். வரிசையில் நின்ற பெரியவர், “மருந்து எரியுதாம்மா?” என்று கேட்டார்.

அண்ணன் பிறகு சொன்னான். வீட்டு இணைப்பில் போட்டால் தாழ்ப்பாள் ஏற்க மாட்டார் என்று பேக்கரி கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாராம். இடது கை ஒற்றை விரலால் நாற்பது நிமிஷம். உதவிக்கு வந்த கல்லாக்காரரை, “நீங்க பெட்டியை மடிங்க” என்று விரட்டிவிட்டாராம்.

நவம்பர் 16, சனி

அண்ணியின் பின்னூட்டத்துக்கு ஆயிரத்து நானூறு ஓட்டு. அதன் கீழே ஆட்கள் வரிசையாக: ‘பார்த்தேன். திறந்துதான் இருக்கிறது.’ ‘எங்கள் வாடகை வீட்டில் சுவரோடு பூசியிருக்கிறார்கள், வீட்டுக்காரரிடம் சண்டை போடப் போகிறேன்.’ ‘பிடுங்கிவிட்டேன்.’ ‘பிடுங்கிவிட்டேன்.’ கைக்குழந்தை என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று ஒன்றுவிடாமல் படித்தேன். இல்லை. அவர் இதில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். “என் பொண்டாட்டிக்கு நான் ஒரு ஓட்டுப் போடக் கூடாதா?” என்று ஃபோனை எடுத்தான். பிடுங்கிக்கொண்டேன். இதில் எங்கள் வீட்டு ஓட்டு ஒன்றுகூட வேண்டாம்.

அவன் சிரித்தான். பதினைந்து நாளில் முதல் முறை.

நவம்பர் 23, சனி

என் தளத்தின் சுட்டி திரட்டியில் இன்னும் ஏறாது. ஆனால் படித்தவர்கள் தேடிக் கண்டுபிடித்து, அவரவர் இடத்தில் கொடுத்திருக்கிறார்கள். ஹீட்டர் பழுது பார்ப்பவர்களின் குழு ஒன்று. ஒரு மாணவர் விடுதி. ஒரு நாளிதழின் இணையப் பக்கம். சுவாச நோய் டாக்டர் ஒருவர், தன் நோயாளிகளுக்கு எழுதிய பக்கத்தில். பழைய நாற்பத்தொரு தளங்களில் பதினேழு, பழைய சுட்டியை எடுத்துவிட்டு என்னுடையதை வைத்திருக்கின்றன. நான் யாரிடமும் கேட்கவில்லை.

இந்த வேலையில் எனக்கு இவ்வளவு பேக்லிங்க் வந்ததே இல்லை. மேலாளர் இருந்தால் இன்னொரு கோப்பை கொடுத்திருப்பார். நினைத்தாலே கூசுகிறது.

அண்ணி இப்போது, “சாப்பாடு இருக்கு,” “கதவைச் சாத்து,” “பால்காரர் வந்தாரா” அளவுக்குப் பேசுகிறார். குளிக்கும்போது மட்டும் இன்னும் டங், டங் தான்.

டிசம்பர் 2, திங்கள்

ஏழாவது இடம். சொல்ல ஆள் இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

குழாயைத் தொட்டால் விரல் மரத்துப்போகிறது, அப்படி ஒரு குளிர். அண்ணி குளிக்கப் போனார். ஸ்டூலைப் போட்டு, தேய்ப்பதற்கு எதுவும் இல்லாததால் ஏற்கெனவே தேய்த்த சட்டையையே மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஹீட்டர் தண்ணீர் விழும் சத்தம். டங். டங்.

பிறகு டங் இல்லை. தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். எழுந்தேன்.

“இன்னிக்கு எத்தனாவது?”

ஸ்டூலில் மறுபடியும் உட்கார்ந்து, “ரெண்டு” என்றேன்.

“பழசு?”

“பதினொண்ணு. ரெண்டாவது பக்கத்துக்குப் போயிடுச்சு.”

“அப்ப ஒண்ணு யாரு?”

“அந்த சுவாச நோய் டாக்டர், அண்ணி. நம்ம பக்கத்தைப் பார்த்துட்டு அவங்களும் எழுதினாங்கல்ல.”

“அவங்க என்ன சொல்றாங்க, அடைக்கவா?”

“திறந்து வைக்கச் சொல்றாங்க.”

“அப்ப அவங்களே இருக்கட்டும்” என்றார். தண்ணீரை மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. “ஆனா காத்து ஊசி மாதிரி இறங்குது. நீயும் உன் ஹீட்டர்காரரும் நாசமாப் போக.” அப்புறம், மூச்சு விடாமல், நேற்று யாரோ மாமியார் பிறந்தநாள் கேக்கில் பெயர் போடாமல் வெறும் வயசை மட்டும் போடச் சொன்ன கதையை ஆரம்பித்தார்.